தன்னார்வலர் இருபது பேர், சம்பளம் ஒருவருக்கு: சரிப்பட்டு வருமா?

வைப்பாறு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பழைய தமிழ்ச் சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு, மெய்ப்புப் பார்த்து இணையத்தில் ஏற்றும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். இருபது பேர் இருப்போம். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். இதுவரை யாரும் ஒரு பைசா வாங்கியதில்லை. சர்வர் வாடகைகூட எங்கள் கைக்காசுதான்.

இப்போது ஒரு அறக்கட்டளை ஓராண்டுக்கு நல்கை தருவதாகச் சொல்கிறது. முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டுமாம். அவருக்கு மாதம் 18,000 ரூபாய். மாதம் இத்தனை பக்கம் என்று இலக்கும் உண்டு. எங்களில் ஒருவரையே போடலாம் என்கிறார்கள்.

செய்தி வந்ததிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் பேச்சே இல்லை. ஒரு ஒற்றுப்பிழைக்காக ராத்திரி பதினோரு மணிவரை மல்லுக்கட்டுகிறவர்கள் இப்போது கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "அப்போ இனிமே நாங்க அவருக்கு வேலை பார்க்கணுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இந்த மாதிரி இடத்தைத் தாண்டி வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அறிவுரையைவிட அனுபவம் போதும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதல் கேள்வி: பணம் உள்நாட்டுப் பணமா, வெளிநாட்டுப் பணமா?

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் பதிவு உள்ள ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிவிட முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை அனுமதி இருந்தது. பணம் வந்து இறங்குவதுகூட புதுதில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவுக்கு இந்தியாவில் 2011-லிருந்து ஒரு கிளை அமைப்பு இருந்தது. எல்லோரும் நல்ல எண்ணக்காரர்கள்தான். உரிமச் சிக்கலிலேயே மாட்டிக்கொண்டு 2019-ல் அங்கீகாரத்தை இழந்தது. ஆகவே மனவருத்தத்தை அப்புறம் பேசுவோம், முதலில் காகிதத்தைப் பாருங்கள்.

---

வைப்பாறு எழுதியது:

உள்நாட்டுப் பணம்தான். ஒரு குடும்ப அறக்கட்டளை. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்.

---

ஆலமரத்தடி எழுதியது:

என் பயனர் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் தமிழ் விக்கிப்பீடியா ஆள். அங்கே பொது விஷயங்கள் பேசும் பக்கத்துக்கு அதுதான் பெயர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 வாக்கில் கூகுள் ஒரு காரியம் செய்தது. தன் மொழிபெயர்ப்புக் கருவிக்கு, ஒரே வாக்கியம் இரண்டு மொழியிலும் இருக்கும் நல்ல இணைமொழித் தரவு வேண்டும். அதற்காக ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம், இந்தி எனப் பல மொழிகளுக்குப் பெயர்த்து, அந்தந்த விக்கிப்பீடியாவில் ஏற்றியது. 2010-ல் கூகுள் தன் கணக்கில் பல மொழிகளிலும் சேர்த்து 1.6 கோடிச் சொற்களுக்கு மேல் என்று சொன்னது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கொண்டாட வேண்டிய விஷயம்.

எங்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? எங்கள் வாசகர் யாரும் தேடாத அமெரிக்கப் பாடகர்கள், மருந்துப் பெயர்கள். எழுவாய் ஒரு மூலையிலும் பயனிலை மூன்று வரி தள்ளியும் நிற்கும் வாக்கியங்கள். உடைந்த வார்ப்புருக்கள். பக்கம் முழுக்க, இல்லாத கட்டுரைகளுக்குப் போகும் சிவப்பு இணைப்புகள். எல்லாம் நீள நீளமான கட்டுரைகள். மொழிபெயர்ப்பாளரின் பேச்சுப் பக்கத்தில் போய், "ஐயா, இந்தப் பத்தியைச் சரிசெய்ய முடியுமா?" என்று எழுதினால் பதில் வராது. ஏன் வரும்? அவருக்குச் சொல் எண்ணிக்கைக்குப் பணம். ஏற்றியதும் அவர் வேலை முடிந்தது. துப்புரவு வேலை எங்கள் தலையில். அதற்கு எங்களுக்கு யாரும் காசு தரவில்லை, தரச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் காசு வாங்கியவர் விட்டுப்போன குப்பையைக் காசு வாங்காதவன் அள்ளுவது எந்த ஊர் நியாயம்?

வங்காள விக்கிப்பீடியர்கள் கறாராக அந்தக் கட்டுரைகளை நீக்கத் தொடங்கினார்கள். நாங்கள் நிறுத்தச் சொன்னோம், பிறகு உட்கார்ந்து பேசினோம். எந்தத் தலைப்பு என்பதை நாங்கள் சொல்கிறோம், தரம் பார்த்துத்தான் ஏற்றவேண்டும், கேள்வி கேட்டால் மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லவேண்டும் என்றோம். 2010-ல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ்த் தரப்பிலிருந்து இதைப் பற்றி ஒரு மதிப்பாய்வே வாசிக்கப்பட்டது. பேசியபின் நிலைமை கொஞ்சம் சரியானது. ஆனால் அதற்குள் வந்து குவிந்தவை பல வருடம் துப்புரவுப் பட்டியலில் கிடந்தன.

வைப்பாறு, உங்கள் நண்பர் கேட்டதற்கு வருகிறேன். சம்பளக்காரர் வேலையைத் தன்னார்வலர் திருத்தவேண்டி வந்தால் குழு உடையும். தன்னார்வலர் வேலையைச் சம்பளக்காரர் துடைத்துக் கொடுத்தால் ஒருவேளை நிற்கும்.

---

பக்கோடா பாண்டி எழுதியது:

18,000 ரூபாய்க்கு இருபது பேரை மேய்க்கணுமா? அந்த ஒருங்கிணைப்பாளர்தான் உண்மையான தன்னார்வலர்.

---

ரூட் யூசர் எழுதியது:

பாண்டி சிரிக்க வைத்தாலும் விஷயம் அதுதான்.

மென்பொருள் பக்கத்திலிருந்து இரண்டு கதை. இரண்டும் எதிரெதிர்த் திசை.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது நினைவிருக்கும். உலகத்தில் பாதி வலைத்தளங்களின் பூட்டு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளை நம்பித்தான் இருந்தது. அதற்கு வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். முழுநேரமாக உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். ஓட்டை வெளியே தெரிந்தபிறகுதான் கூகுள், பேஸ்புக், மைக்ரோசாப்ட் எல்லாம் லினக்ஸ் பவுண்டேஷன் வழியாகப் பணம் போட்டார்கள். அதுவரை கோடிக்கணக்கில் லாபம் பார்த்த கம்பெனிகள் அதை ஓசியில்தான் ஓட்டினார்கள். "தன்னார்வம் புனிதமானது, காசு வந்தால் கெட்டுவிடும்" என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

இன்னொன்று 2006, தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் இயங்குதளம். அடுத்த பதிப்பு டிசம்பரில் வந்தாகவேண்டும் என்று, வெளியீட்டு மேலாளர்கள் இரண்டு பேருக்கு மட்டும் பணம் தந்து முழுநேரமாக உட்கார வைக்க ஒரு திட்டம் போட்டார்கள். பெயர் டங்க்-டேங்க். பணம் டெபியனுடையதுகூட அல்ல, வெளியே திரட்டியது. ஆனால் முன்னின்று செய்தவர்களில் திட்டத் தலைவரும் ஒருவர். அவ்வளவுதான், அவர்களின் மின்னஞ்சல் மடலாடற்குழு பற்றி எரிந்தது. "இவர்கள் வேலைக்கு மட்டும் விலை, எங்கள் வேலை சும்மாவா?" சிலர் வெளிப்படையாகவே வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். கிண்டலுக்கு டங்க்-பேங்க் என்று ஒன்றைத் தொடங்கி, வெளியீட்டைத் தாமதப்படுத்தும் பிழைகளாகத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். டிசம்பரில் வரவேண்டிய எட்ச் பதிப்பு 2007 ஏப்ரலில் வந்தது. தாமதத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேகப்படுத்தக் கொடுத்த பணம் வேகப்படுத்தவில்லை.

இரண்டு கதையிலும் பணம் நல்ல வேலைக்குத்தான் போனது. டெபியனில் யாருக்கு, எதற்கு, யார் முடிவு என்பது எல்லோர் முன்னாலும் பேசி முடிவானதல்ல. அங்கேதான் இடறியது.

---

பனங்காடு எழுதியது:

நான் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும், சும்மா உழைக்க முடிகிறவர்கள் பக்கமிருந்து பேசுகிறீர்கள்.

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. காலையில் சமையல், பிறகு பள்ளி, மாலையில் டியூஷன், அப்புறம் மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம். இரவில் ஒரு மணிநேரம் மீந்தால் மெய்ப்புப் பார்ப்பேன். மாதம் ஐயாயிரம் வருமென்றால் டியூஷனை விட்டுவிட்டு இதைச் செய்வேன், ஆசையாகச் செய்வேன். "சேவைக்குக் காசா?" என்று கேட்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் மாதம் முதல் தேதி சம்பளம் வந்து விழுகிறவர்கள், வீட்டில் காபி கையில் வருகிறவர்கள்.

இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்களில் பெண்கள் ஏன் குறைவு என்று மாநாடு மாநாடாகப் பேசுகிறீர்கள். நேரத்துக்கும் காசுதான் விலை. அதைக் கொடுக்காமல் ஆர்வத்தை மட்டும் கேட்டால் வசதியுள்ளவர்கள்தான் வருவார்கள். அப்புறம் அவர்கள் பார்வைதான் கலைக்களஞ்சியம் ஆகும்.

வைப்பாறு, உங்கள் குழுவில் அமைதியாக இருப்பவர்களில் "அந்த வேலை எனக்குக் கிடைக்காதா" என்று நினைப்பவரும் இருப்பார். கேட்டுப் பார்த்தீர்களா?

---

மானாமதுரைக்காரன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் சம்பளம் ஒருமுறை உள்ளே வந்தால் அது நிற்காது. வளரும். விக்கிமீடியா அறக்கட்டளையையே பாருங்கள். 2022-23 நிதியாண்டில் வரவு சுமார் 18 கோடி டாலர். சம்பளத்துக்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். சர்வர் ஓட்ட ஆன செலவு? சுமார் 31 லட்சம் டாலர். இதுபோக 10 கோடி டாலர் மூலநிதி ஒன்றை 2021-லேயே சேர்த்துவிட்டார்கள். பத்து வருடத்தில் சேர்க்க நினைத்தது, பாதி காலத்தில் சேர்ந்தது.

இவ்வளவும் வைத்துக்கொண்டு, ஏதோ நாளைக்கே விளக்கு அணைந்துவிடும் என்பதுபோல் நம்மூர் வாசகனிடம் பதாகை போட்டுக் காசு கேட்கிறார்கள். எழுதினவன் யார்? நீங்களும் நானும். நம் உழைப்பைக் காட்டி வசூல், சம்பளம் சான் பிரான்சிஸ்கோவில். இதற்குப் பெயர் சேவையா?

உங்கள் ஒருங்கிணைப்பாளரும் அடுத்த வருடம் ஒரு உதவியாளர் கேட்பார், அதற்கடுத்த வருடம் அலுவலகம் கேட்பார்.

---

ஆலமரத்தடி எழுதியது:

மானாமதுரை, தொகைகளில் எனக்குச் சண்டை இல்லை. பதாகை விஷயத்தில் உங்களைவிடக் கோபப்பட்டவர்கள் விக்கிப்பீடியர்கள்தான். 2022 நவம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாத் தொகுப்பாளர்கள் கூடி, அந்த வாசகம் வாசகரைத் தவறாக எண்ணவைக்கிறது என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டின் வசூலுக்கு வாசகத்தை மாற்றத்தான் வேண்டியதாயிற்று. சம்பளம் வாங்காதவர்கள் சம்பளம் வாங்குகிறவர்களைப் பார்த்து "இதைப் போடாதே" என்று சொல்லி நிறுத்த முடிந்தது. அதை விட்டுவிட்டீர்கள்.

சர்வர் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதும் பாதிக் கணக்கு. 2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை அவதூறு என்று 2 கோடி ரூபாய் கேட்டு தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்தக் கட்டுரையைத் தொகுத்த மூன்று பயனர்களின் விவரத்தைக் கொடு என்று நீதிமன்றம் சொன்னது. யோசித்துப் பாருங்கள், ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு கட்டுரையில் நாலு வரி சேர்த்த மனிதருக்கு நீதிமன்றத் தாக்கீது. வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தையே அக்டோபரில் எடுக்கவேண்டி வந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்ன ஆணையை ரத்துசெய்தது. இத்தனை நீதிமன்றத்திலும் நின்றது சம்பளம் வாங்கிய வழக்கறிஞர்கள்.

எனக்கும் அந்த 10 கோடி டாலர் சம்பளப் பட்டியலில் எல்லாம் தேவையா என்ற சந்தேகம் உண்டு. ஆனால் பூஜ்யம் என்று சொல்லமாட்டேன்.

---

மானாமதுரைக்காரன் எழுதியது:

வழக்கறிஞருக்குக் கொடுக்கவேண்டாம் என்று நான் சொன்னேனா? பேச்சை மாற்றுகிறீர்கள். இங்கே கேட்டது சிற்றிதழ்க் குழுவைப் பற்றி. அங்கே யார் வழக்குப் போடப் போகிறார்கள், கவிஞர்களா?

---

பக்கோடா பாண்டி எழுதியது:

நம்மூர்க் கவிஞர்களை உங்களுக்குத் தெரியாதுபோல.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இதற்குக் கீழே கவிஞர்களைப் பற்றி வந்த ஏழு பதில்களை அரட்டைப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். தலைப்பில் நில்லுங்கள்.

---

நல்லூரான் எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில், ஈழத்துத் தமிழ் நூல்களை மின்னாக்கி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் 2005-இல் முழுக்கத் தன்னார்வ முயற்சியாகத்தான் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட ஊர்க்காரருக்கு ஏன் அப்படியொரு வேலை தேவை என்று விளக்கத் தேவையில்லை. பிறகு அது நூலக நிறுவனமாகப் பதிவாகி, இன்றைக்குச் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்து ஆவணமாக்குகிறார்கள். புலம்பெயர்ந்தவர்கள் காசு தருகிறார்கள். தன்னார்வலர்களும் போய்விடவில்லை.

ஏன் அங்கே பெரிய சண்டை இல்லாமல் நடக்கிறது என்று நானும் யோசித்ததுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவனாகச் சொல்கிறேன். சம்பளம் கொடுப்பது ஸ்கான் பண்ணுவது, தாள் தாளாகப் புரட்டுவது, கோப்புக்குப் பெயரிடுவது, பட்டியலிடுவது மாதிரியான வேலைக்கு. தூசியிலே நாள் முழுக்க இருக்கவேண்டிய வேலை. சனி ஞாயிறு வருகிற ஆள் அதைத் தொடர்ந்து செய்ய ஏலாது. எந்தப் புத்தகம் முக்கியம், எங்கே யாரிடம் பழைய சஞ்சிகை இருக்கிறது, உரிமையாளரிடம் யார் கதைப்பது என்பதெல்லாம் ஆர்வலர்களிடமே நிற்கிறது. ஆண்டறிக்கையும் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது.

அதனால் 18,000 ரூபாயை "ஒருங்கிணைப்பாளர்" என்ற பெயரில் கொடுக்கவேண்டாம் என்பேன். அந்தப் பெயரே ஆளை மேலே தூக்கி உட்காரவைக்கிறது. ஸ்கான் வேலைக்கு இரண்டு பேரைப் பகுதிநேரமாகப் போடுங்கள்.

---

பனங்காடு எழுதியது:

நல்லூரான் சொல்வதில் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. மீதிப் பாதி உறுத்துகிறது. தூசி வேலைக்குச் சம்பளம், முடிவெடுக்கும் வேலைக்குக் கௌரவம் என்று பிரித்தால், காசு தேவைப்படுகிறவர்கள் எப்போதும் தூசியிலேயே இருப்பார்கள். முடிவெடுப்பது மறுபடியும் வசதியானவர்கள்.

---

நல்லூரான் எழுதியது:

அது நியாயமான கேள்வி. ஸ்கான் பண்ணுகிறவருக்கும் கூட்டத்தில் ஒரு வாக்கு இருக்கவேண்டும். அதை நான் முதலிலே எழுதியிருக்கலாம்.

---

வைப்பாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பதில் எதிர்பார்க்கவில்லை. நேற்று அறக்கட்டளைக்காரர்களிடம் மறுபடி பேசினேன். புதிதாக ஒன்று சொன்னார்கள்: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்கள் லோகோ வரவேண்டும். விளம்பரம் இல்லை, "உதவி" என்றுதான் போடுவார்களாம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். குழுவில் சொன்னதும் தபால்காரர் ஐயா முதல்முறையாகக் கோபப்பட்டார். லோகோ அவ்வளவு பெரிய விஷயமா?

---

ரூட் யூசர் எழுதியது:

லோகோவா? ஐயோ. ஸ்பானிஷ் விக்கிப்பீடியா கதையைக் கேளுங்கள்.

2002 பிப்ரவரி. விக்கிப்பீடியா அப்போது போமிஸ் என்ற தனியார் கம்பெனியின் கையில், டாட் காம் முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி சாங்கர் மடலாடற்குழுவில் போகிற போக்கில், விளம்பரம் வந்தால் தன் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்ற தொனியில் ஒரு வரி எழுதினார். விளம்பரம் வரவில்லை, வரலாம் என்ற பேச்சுதான். ஸ்பானிஷ் பங்களிப்பாளர்கள் உள்ளடக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு செவில் பல்கலைக்கழக சர்வரில் என்சிக்ளோபீடியா லிப்ரே என்று தனிக்கடை போட்டுவிட்டார்கள். ஸ்பானிஷ் விக்கிப்பீடியா அதிலிருந்து எழ ரொம்பக் காலம் பிடித்தது. போமிஸிடம் பணம் இல்லாததால் சாங்கரின் சம்பள வேலை அதற்கு முன்பே போயிருந்தது, மார்ச்சில் மொத்தமாக விலகினார். ஆகஸ்டில் விக்கிப்பீடியா டாட் ஆர்க் முகவரிக்கு மாறியது. அடுத்த வருடம் அறக்கட்டளை. இன்றுவரை விளம்பரம் இல்லை. ஒரு வரிக்குக் கிடைத்த பதில் அது.

அவர்களால் ஏன் போக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருந்தது. யாரும் எடுத்துப் போகலாம். விக்கிட்ராவல் என்ற பயண வழிகாட்டித் தளத்தின் விஷயத்திலும் அதேதான். 2006-ல் ஒரு கம்பெனி வாங்கியது, ஜெர்மன்காரர்கள் அந்த வருடமே பிரிந்தார்கள், பிறகு விளம்பரமும் வந்தது. 2012-ல் மற்றவர்களும் கிளம்ப, வழக்கு எல்லாம் போட்டுப் பார்த்தது கம்பெனி. 2013 ஜனவரியில் விக்கிப்பயணம் விக்கிமீடியாவில் தொடங்கியேவிட்டது.

ஆனால் ரெடிட் என்ற விவாதத் தளத்தைப் பாருங்கள். 2023 ஜூனில், வெளிச் செயலிகள் ரெடிட்டுக்குள் வரும் வழியான ஏபிஐக்கு விலை வைத்ததை எதிர்த்து 8,000-க்கு மேற்பட்ட குழுமங்களை மட்டுறுத்துநர்கள் மூடினார்கள். கம்பெனி அசையவில்லை. மூடியே வைத்தால் உங்களை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவோம் என்றது. 2024 மார்ச்சில் 34 டாலர் விலையில் பங்குச் சந்தைக்குப் போனது. பதிவு போட்டவர்களுக்கும் மட்டுறுத்தியவர்களுக்கும் என்ன கிடைத்தது? அதே 34 டாலருக்குப் பங்கு *வாங்கிக்கொள்ள* ஒரு வாய்ப்பு. அவர்களால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக முடியாது. குழுமம் அவர்களுடையது அல்ல.

வைப்பாறு, ஒரே ஒரு கேள்வி: உங்கள் சர்வர், டொமைன், ஸ்கேன் கோப்பு எல்லாம் யார் பெயரில் இருக்கிறது? நல்கை ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவைக் கம்பெனியின் கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரட்டை அறைகளைக் கவனித்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, இலவச இணையக் கணக்கு மட்டும். ஆனால் ஷிப்ட் நேரம் உண்டு, அறிக்கை தரவேண்டும், பயிற்சி கட்டாயம். 1999-ல் முன்னாள் தன்னார்வலர்கள் "நாங்கள் ஊழியர்கள்தான்" என்று வழக்குப் போட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இழுத்து, 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இதில் உங்களுக்கு என்ன? "மாதம் இத்தனை பக்கம்" என்ற இலக்கு. அந்த இலக்கை ஒருங்கிணைப்பாளர் ஒருவரே எட்ட முடியாது. இருபது பேரிடம் வாங்கித்தான் கொடுக்கவேண்டும். அப்போது "தாத்தா, இந்த மாதம் நாற்பது பக்கம் பாக்கி" என்று தபால்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார். அதற்குப் பெயர் தன்னார்வம் இல்லை. லோகோவைவிட எனக்கு இந்த வரிதான் பயமாக இருக்கிறது. உங்கள் நண்பர் "அவருக்கு வேலை பார்க்கணுமா" என்று கேட்டாரே, இதை மோப்பம் பிடித்துத்தான் கேட்டிருக்கிறார்.

---

ஆலமரத்தடி எழுதியது:

இலக்கு என்றதும் வேங்கைத் திட்டம் நினைவுக்கு வருகிறது. 2018-ல் கூகுளும் விக்கிமீடியாவும் சேர்ந்து நடத்தியது. கூகுள் பழைய பாடத்தைக் கொஞ்சம் படித்திருந்தது என்றே சொல்வேன். கட்டுரைக்குக் கூலி தரவில்லை. முனைப்பாக எழுதுகிறவர்களுக்கு 50 குரோம்புக் கணினிகளும் இணையச் செலவும் தந்தார்கள். விண்ணப்பத்தில் சக பயனர்களின் ஆதரவையும் பார்த்தார்கள். கூடவே மொழிகளுக்கிடையே கட்டுரைப் போட்டி. பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அந்தக் கடைசி நாட்களின் பரபரப்பு கோயில் தேர் நிலைக்கு வரும் நேரம்போல இருந்தது, ஆளாளுக்கு வடத்தைப் பிடித்தார்கள். எனக்கு அது உண்மையிலேயே மகிழ்ச்சியான காலம்.

ஆனால் போட்டிகளில் எப்போதும் வருகிற நோய் ஒன்று உண்டு. குறைந்தபட்ச அளவைத் தொட்டதும் நின்றுவிடும் கட்டுரைகள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிட்டு ஓடுவது. போட்டி முடிந்ததும் காணாமல் போகும் பயனர்கள். இலக்கு எதுவோ அதுதான் கிடைக்கும். பக்கம் கேட்டால் பக்கம் வரும், பிழையோடு வரும். உங்களுடையது மெய்ப்புப் பார்க்கும் குழு. ஒரு ஒற்றுப்பிழைக்கு ராத்திரி பதினோரு மணிவரை சண்டை போடுகிற ஆட்களை வைத்துக்கொண்டு பக்கக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, நடைமுறையில் உதவும். விக்கிமீடியாவில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் வேலைக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்திருப்பார்கள். பெயரிலேயே அமைப்பின் சுருக்கம் தெரியும். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை தன் ஊரைப் பற்றி எழுதினால் சொந்தக் கணக்கில் வருவார். வெளியார் யாரிடமாவது காசு வாங்கித் தொகுப்பவர்களும் அதை அறிவிக்கவேண்டும் என்று 2014 முதல் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. அறிவிக்காமல் கூட்டமாகச் செய்தவர்களின் 381 கணக்குகள் 2015-ல் ஒரே வீச்சில் முடக்கப்பட்டன. உங்களில் யார் சம்பளத்துக்கு வந்தாலும் இரண்டு கணக்கு வைக்கச் சொல்லுங்கள். எது கூலி வேலை, எது அவர் ஆசைக்குச் செய்தது என்று மற்றவர்கள் பார்த்தாலே தெரியவேண்டும்.

---

மானாமதுரைக்காரன் எழுதியது:

இவ்வளவு விதி, இவ்வளவு கணக்கு, இரண்டு கணக்கு... இத்தனையும் 18,000 ரூபாய்க்கு. நான் முதலில் சொன்னதைத்தான் நீங்கள் எல்லோரும் சுற்றி வளைத்து நிரூபிக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு சர்வர் வாடகையை மட்டும் கேளுங்கள். தலைவலி மிச்சம்.

---

பனங்காடு எழுதியது:

உங்களுக்குத் தலைவலி மிச்சம். அந்தச் சம்பளத்தை நம்பிப் படிப்பை முடிக்கலாம் என்று நினைக்கிற கல்லூரிப் பெண் அந்தக் குழுவில் இருந்தால், அவளுக்கு?

---

வைப்பாறு எழுதியது:

பனங்காடு அக்கா, அப்படி ஒரு பெண் இருக்கிறாள். நீங்கள் முன்பு சொன்னபிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மூன்று பேர் அந்த வேலையைக் கேட்க நினைத்து வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று.

ரூட் யூசர் கேட்டதற்குப் பதில்: டொமைன் என் பெயரில். ஸ்கேன் கோப்புகள் இரண்டு பேர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். ஒப்பந்த வரைவில் "திட்டத்தின் விளைபொருள்கள் அறக்கட்டளைக்கு உரியவை" என்று ஒரு வரி இருக்கிறது. முதலில் படித்தபோது அது சும்மா சட்ட மொழி என்று விட்டுவிட்டேன்.

நேற்று இரவு எல்லோரும் இணைய வழியில் கூடினோம். மூன்று விஷயத்தில் ஒத்துப்போனோம். ஒன்று, அந்த வரி போகவேண்டும், எல்லாமே கட்டற்ற உரிமத்தில்தான் வரும். இரண்டு, ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி இல்லை. ஸ்கேன், கோப்பு ஒழுங்கு, எழுத்துணரி ஓட்டுவது என்று வேலையைப் பிரித்து இருவருக்குப் பகுதிநேரம். அவர்களுக்கும் கூட்டத்தில் வாக்கு உண்டு. மூன்று, வரவு செலவு மாதாமாதம் தளத்திலேயே போடுவது. லோகோவை "நன்றி" பக்கத்தில் மட்டும் வைக்கலாம் என்று தபால்காரர் ஐயா இறங்கி வந்தார்.

இலக்கு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. ஸ்கேனுக்கு மட்டும் பக்கக் கணக்கு, மெய்ப்புக்குக் கிடையாது என்று ஒரு பாதி. எதற்குமே கூடாது என்று இன்னொரு பாதி. அறக்கட்டளை என்ன சொல்லுமோ தெரியாது. வரும் வாரம் சந்திக்கிறோம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சந்திக்கும் முன் டொமைனை உங்கள் ஒருவர் பெயரிலிருந்து எடுத்து, குழுவைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து அதன் பெயருக்கு மாற்ற வழி பாருங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு பேர் கையெழுத்து. ஸ்கேன் கோப்புகளுக்கு மூன்றாவது பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஒப்பந்த வரைவைப் பெயர்களை மறைத்துவிட்டு எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

---

பக்கோடா பாண்டி எழுதியது:

கணக்குப்பிள்ளை, மாதம் எத்தனை ஒப்பந்தம் உங்கள் இலக்கு?